அச்சமும் மூளையும்

விருதுநகர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கரிசல் நிலம் பாளம் பாளமாகப் பிளக்கும். உழவர் கை ஓய்ந்துவிடும். அந்த வறட்சியே சிவகாசி மக்களைக் கைத்தொழிலின்பால் திருப்பியது எனலாம். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்குப் பின் மத்தாப்பும் பட்டாசும் வந்தன. இன்று இந்திய நாட்டில் கொளுத்தப்படும் பட்டாசுகளில் மிகப் பெரும்பகுதி சிவகாசியிலும் சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர்ப் பகுதிகளிலும் உருவாவதே.

நாட்டுக்குத் தீபாவளி வழங்கும் இவ்வூர்கள் அதற்காகக் கொடுக்கும் விலையையும் நாம் அறிவோம். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையொன்று வெடித்து, 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்காகவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தோர் பலரும் அவர்களுள் அடங்குவர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெருவிபத்து நேர்ந்தது. இவ்வாறு விபத்து நேரும்போதெல்லாம் இறந்தோரை எண்ணுகிறோம். தீக்காயம் பட்டோரையும் எண்ணுகிறோம். இவ்விரு கணக்கிலும் சேராத மூன்றாவது வகையினர் சிலர் உண்டு. அவர்களைப் பற்றியதே இந்தப் பேச்சு.

அடுத்த அறையில் வேலை செய்துகொண்டிருந்து தப்பியவர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் உடலில் ஒரு கீறலும் இல்லை. அன்று மாலை பிறரைத் தூக்கி வண்டியில் ஏற்றியவரும் அவரே. "உனக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வம் காத்தது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவரும் அப்படியே நம்புகிறார். சில நாட்கள், சில வாரங்கள் கழிகின்றன. பிறகு உறக்கம் கெடுகிறது. அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தால் உடல் தூக்கிவாரிப் போடுகிறது. கந்தக வாடை பட்டால் நெஞ்சு படபடக்கிறது. கனவில் அந்த வெடிப்பு மறுபடியும் மறுபடியும் நிகழ்கிறது. ஆலைப் பக்கம் செல்லும் பேருந்தில் ஏறவும் கால் எழவில்லை. பேச்சுக் குறைகிறது, சினம் மிகுகிறது.

இத்தகையவரை நம் மக்கள் கவனிக்காமல் விட்டதில்லை. 'பயந்த கோளாறு' என்று அதற்கொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். மந்திரித்துத் திருநீறு பூசுவதும், வேப்பிலை அடிப்பதும், கயிறு கட்டுவதும் அந்த அச்சத்தைத் தெளிவிக்கும் முயற்சிகளே. அப்பெயரில் ஓர் உண்மையும் இருக்கிறது. நோயின் வேர் அச்சத்தில் உள்ளது என்பதை அது சரியாகவே சுட்டுகிறது. ஆனால், அன்று துணிவாக நின்றவர் பல நாட்கள் கழித்து ஏன் அஞ்ச வேண்டும்? ஆபத்து நீங்கிய பின்னும் அச்சம் ஏன் நீங்கவில்லை? இந்த இரண்டு வினாக்களுக்கும் விடை தெரியாத இடத்தில்தான், "கோழை" என்றும், "வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறான்" என்றும் பழிச்சொற்கள் நுழைகின்றன.

உலகமும் இந்த வினாக்களின் முன் நெடுங்காலம் தடுமாறியதுண்டு. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகள் வெடித்த அகழிகளிலிருந்து மீண்ட வீரர்கள் பலர் நடுங்கினர், சிலர் பேச்சிழந்தனர். 1915-இல் சார்லஸ் மயர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நிலையை 'குண்டு அதிர்ச்சி' என்னும் பெயரால் மருத்துவ இதழில் விவரித்தார். குண்டின் அதிர்வே மூளையைக் குலுக்கிவிட்டது என்று முதலில் கருதினர். குண்டு விழுந்த இடத்துக்கு அருகில் இல்லாதவர்களுக்கும் அதே நோய் கண்டபோது அக்கருத்துத் தளர்ந்தது. அவ்வீரர்களுள் கோழைகள் என்று இகழப்பட்டவர் பலர். 1980-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதனைத் தனி நோயாகச் சேர்த்தது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் குலைவு என்று நாம் இதனைத் தமிழில் வழங்கலாம்.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆயினும் அது உடலில் எங்கே உறைகிறது? கை முறிந்தால் எலும்பைக் காட்டலாம். அச்சம் முறித்த இடத்தைக் காட்ட முடியுமா? இவ்வினாவை எடுத்துக்கொண்டு உழைத்த ஆராய்ச்சிக் கூடங்களுள் குறிப்பிடத்தக்கது ஒன்று நம் அண்டை மாநிலத்தில், பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் அமைந்தது. அதனை நடத்தியவர் சுமந்திர சட்டர்ஜி. இயற்பியல் பயின்று, பின்னர் நரம்பியலுக்கு வந்தவர் அவர். அவருடைய ஆராய்ச்சியை அறிந்துகொள்ள, மூளையின் அமைப்பைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. நம் கரிசல் காட்டில் நிற்கும் கருவேல மரத்தை நினைத்துக்கொண்டால் நரம்பணுவின் உருவம் விளங்கிவிடும். மரத்துக்குக் கிளைகள் இருப்பதுபோல நரம்பணுவுக்கும் கிளைகள் உண்டு. கிளை நெடுக முட்கள் இருப்பதுபோல அந்த நரம்புக் கிளைகளிலும் நுண்ணிய முட்கள் உண்டு. பிற நரம்பணுக்கள் அனுப்பும் செய்திகளில் பெரும்பகுதி இம்முட்களின் வழியாகவே வந்து சேர்கிறது. கிளை நீண்டால், முள் மிகுந்தால், அந்த அணுவுக்கு வந்து சேரும் செய்தியும் மிகும். கிளை குறுகினால் செய்தியும் குறையும்.

இவ்வளவு நுண்ணிய பொருளைக் காண்பது எவ்வாறு? 1873-ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டுக் கமில்லோ கால்ஜி ஒரு வழி கண்டார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைக்குரோமேட்டிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைத்தால், ஆயிரக்கணக்கான அணுக்களுள் ஒரு சில மட்டும் கிளையும் முள்ளுமாக முழுமையாகக் கறுத்துத் தெரிகின்றன. பொட்டாசியம் டைக்குரோமேட் என்பது தீக்குச்சியின் தலையில் வைக்கும் கலவையிலும் சேர்க்கப்படும் பொருளே. குச்சி தீப்பற்ற உதவும் அதே பொருள் மனித அறிவின் உறைவிடத்தையும் காட்டித் தந்தது. இம்முறையைக் கொண்டு நரம்பணுவின் இயல்பை விளக்கிய ஸ்பெயின் நாட்டு ராமோன் இ காஹலுக்கும் கால்ஜிக்கும் 1906-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மூளையில் இரண்டு பகுதிகள் நம் செய்திக்கு இன்றியமையாதவை. ஒன்று, வாதுமைப் பருப்பின் வடிவில் இருப்பதால் அமிக்டலா என்று பெயர் பெற்றது. அது மூளையின் காவலாளி. ஆபத்தின் அறிகுறி கண்டவுடன் உடல் முழுவதையும் எச்சரிப்பது அதன் பணி. மற்றொன்று, கடற்குதிரையை ஒத்த வடிவால் ஹிப்போகாம்பஸ் என்று பெயர் பெற்றது. எது, எங்கே, எப்போது நடந்தது என்று நினைவில் பதிக்கும் கணக்கர் அது. "வெடித்தது சென்ற மாதம், ஆலையில், இப்போது விழுந்தது வெறும் தட்டு" என்று பகுத்துச் சொல்ல அதன் துணை வேண்டும். துன்ப வேளையில் சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பியிலிருந்து ஊறும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் அளவு மீறாமல் அடக்குவதிலும் அதற்குப் பங்குண்டு.

சட்டர்ஜியும் அவருடன் உழைத்தவர்களும் எலிகளை நாள்தோறும் 2 மணி நேரம் அசைய முடியாமல் அடைத்துவைத்தனர். 10 நாட்கள் இவ்வாறு செய்த பின்னர், கால்ஜி முறையில் நரம்பணுக்களைக் கறுப்பாக்கி, ஒவ்வொரு கிளையையும் வரைந்து அளந்தனர். ஹிப்போகாம்பஸில் கிளைகள் குறுகியிருந்தன. நெடுந்துன்பம் அப்பகுதியைச் சுருக்கும் என்பதை அமெரிக்காவில் புரூஸ் மக்யூவன் முதலியோர் முன்னரே கண்டிருந்தனர். ஆனால் அமிக்டலாவில் கிளைகள் குறுகவில்லை, நீண்டு படர்ந்திருந்தன! ஒரே துன்பம், ஒரே மூளை. கணக்கர் மெலிந்தார், காவலாளி பருத்தார். 2002-இல் வெளியான இம்முடிவு நரம்பியல் உலகின் கவனத்தை ஈர்த்தது.

அடுத்து எழுந்த வினா இயல்பானது. துன்பம் நீங்கினால் மூளை பழைய நிலைக்கு மீளுமா? எலிகளை 21 நாட்கள் எவ்விதத் தொல்லையுமின்றி இருக்கவிட்டுப் பார்த்தனர். ஹிப்போகாம்பஸ் மீண்டுவிட்டது, அமிக்டலா மீளவில்லை. எலிகளின் அச்ச நடத்தையும் குறையவில்லை. இது 2004-இல் வெளியாயிற்று. ஆபத்து போன பின்னும் அச்சம் ஏன் போகவில்லை என்னும் வினாவுக்கு, விடையின் ஒரு பகுதி இங்கே கிடைக்கிறது.

மற்ற வினாவுக்கு வருவோம். பட்டாசு விபத்து 10 நாள் நீடிக்கும் துன்பமன்று. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவது. ஆகையால் ஒரே ஒரு முறை நேரும் துன்பம் என்ன செய்யும் என்பதே நமக்கு முக்கியம். இதையும் அவர்கள் ஆராய்ந்தனர். எலிகளை ஒரே ஒரு நாள், 2 மணி நேரம் மட்டும் அடைத்தனர். மறுநாள் பார்த்தால் அமிக்டலாவின் முட்களில் மாறுதல் இல்லை. எலியின் நடத்தையிலும் அச்சம் மிகவில்லை. 10 நாட்கள் கழித்துப் பார்த்தபோதோ, கிளைகள் நீளவில்லையாயினும், அவற்றின் மீது முட்கள் பெருகியிருந்தன. எலிகளும் அஞ்சி ஒடுங்கின. இடையில் அவற்றுக்கு வேறெந்தத் தீங்கும் செய்யப்படவில்லை. 2005-இல் வெளிவந்த இந்த முடிவைச் சிவகாசியில் வளர்ந்த மாணவர் எவரும் எளிதில் உணர்வர். நெருப்பு வைத்த கணத்திலேயே எல்லா வெடியும் வெடித்துவிடுவதில்லை; திரி எரிந்து முடிய வேண்டும். அன்று திடமாக நின்றவர் பின்னர் நடுங்கினால், அது நடிப்பு ஆகாது, கோழைத்தனமும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மாறுதல் அவருக்குள் மெல்ல நடந்துகொண்டிருந்திருக்கலாம்.

'இருக்கலாம்' என்றே சொல்கிறேன். எலி மனிதனாகாது. எலியின் 10 நாட்கள் மனிதனுக்கு எத்தனை நாட்கள் என்று கணக்குப் போட்டுவிட முடியாது. உயிருள்ள மனிதனின் மூளையை வெட்டிக் கறுப்பாக்கிப் பார்க்கவும் இயலாது. வெளியிலிருந்து படமெடுக்கும் கருவிகள் ஓரளவு காட்டுகின்றன. இந்நோய் கண்டவர் பலரிடம் அச்சக் குறிகளைக் கண்டதும் அமிக்டலா மிகுதியாகக் கிளர்கிறது. ஹிப்போகாம்பஸ் சராசரியில் சிறுத்துக் காணப்படுகிறது.

ஆனால் இங்கேயும் அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. வியத்நாம் போருக்குச் சென்ற அமெரிக்க வீரர்களையும், போருக்குச் செல்லாத அவர்களுடைய ஒத்த இரட்டையரையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவும் 2002-லேயே வெளியானது. நோயுற்ற வீரரின் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருந்தது. போர்க்களமே காணாத அவருடைய இரட்டையருக்கும் அவ்வாறே சிறுத்திருந்தது! அப்படியானால் சிறுத்திருத்தல் நோயின் விளைவு மட்டுமன்று. நோய்க்கு இடம் கொடுக்கும் பிறவி அமைப்பாகவும் இருக்கலாம் அல்லவா? ஒரே விபத்தைக் கண்ட இருவருள் ஒருவர் தேறுவதும் மற்றவர் நோயுறுவதும் ஏன் என்பதற்கு இது ஒரு குறிப்புத் தருகிறது. தேறியவர் வீரருமல்லர், நோயுற்றவர் கோழையுமல்லர். நிறத்தையும் உயரத்தையும் போல இதுவும் ஓரளவு பிறப்போடு வருவது. ஓர் ஆராய்ச்சியின் முடிவை மற்றோர் ஆராய்ச்சி திருத்தும். அத்திருத்தத்தை மகிழ்ந்து ஏற்பவரே விஞ்ஞானி.

திரி எரியும் இடைவெளியைப் பற்றி அறிந்ததால் பயன் என்ன? திரி எரிந்துகொண்டிருக்கும்போது அதை அணைக்க முடியும் என்பதே பயன். துன்பம் நேரும் வேளையில் அமிக்டலாவில் ஒரு குறிப்பிட்ட இரசாயன வாயிலை அடைத்துவிட்டால், பின்னர் வரும் மாறுதல் தோன்றுவதில்லை என்று சட்டர்ஜியின் குழுவினர் 2016-இல் காட்டினர். அதற்கு முன் 2012-இல் அவர்கள் கண்டது இன்னும் வியப்பானது. எலிகளின் துன்பச் சுரப்புநீரை முன்கூட்டியே உயர்த்திவைத்தபோது, பின்னர் முட்களும் பெருகவில்லை, அச்சமும் பெருகவில்லை. துன்பத்தின் அடையாளம் என்று நாம் கருதும் சுரப்புநீரே சில வேளைகளில் காப்பாகவும் அமைகிறது போலும்! கடுமையான கிருமித்தாக்கத்தால் உயிருக்குப் போராடியவர்களுள், சிகிச்சையில் அச்சுரப்புநீர் சேர்த்துக் கொடுக்கப்பட்டோருக்குப் பிற்காலத்தில் இம்மனக்குலைவு குறைவாக வந்ததாகச் சில மருத்துவ ஆய்வுகளும் கூறின. இவை ஆராய்ச்சியின் வாயிற்படிகள். கடையில் வாங்கி உண்ணத்தக்க மருந்துகள் அல்ல.

இன்று கைக்கெட்டும் மருத்துவம் வேறு. விபத்துக்குப் பின் முதல் நாட்களில் பாதிக்கப்பட்டவரைச் சூழ்ந்துகொண்டு, "என்ன நடந்தது, எப்படி நடந்தது" என்று துருவிக் கேட்பது நன்மை தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உணவு, உறக்கம், பாதுகாப்பான இடம், பக்கத்தில் ஓர் உறவு, அவராக வாய் திறந்தால் பொறுமையாகக் கேட்கும் ஒரு செவி: முதலில் வேண்டுவன இவையே. பெரும்பாலோர் இவற்றாலேயே தேறிவிடுவர். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவும் திடுக்கிடலும் நீங்காவிட்டாலோ, பல மாதம் கழித்துப் புதிதாகத் தோன்றினாலோ, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவர், அஞ்சிய நினைவைச் சிறிது சிறிதாக, பாதுகாப்பான சூழலில் நேர்கொள்ளப் பழக்குவார். தேவையாயின் மருந்தும் தருவார். வெடிக்கூட்டையும் 'மருந்து' என்றே வழங்குவது இவ்வட்டாரத்து வழக்கு. ஆலை மருந்து செய்த காயத்தை ஆஸ்பத்திரி மருந்து ஆற்றட்டும். அதில் நாணத்துக்கு இடமில்லை.

நாணமும் அறியாமையும் எவ்வளவு கொடியவை என்பதை நமக்கு அண்டை மாவட்டமே கற்பித்தது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியலில், மனநோயாளரை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட முடியாமல் 28 பேர் இறந்தனர். மனநோயை உடல்நோயைப் போல் மருத்துவத்துக்கு உரியதாக எண்ணாமல், மறைக்க வேண்டிய குற்றமாக எண்ணியதன் விளைவல்லவா அது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும் கூறுகிறது. விருதுநகரில் 2022-ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் இலவசத் தொலைபேசி மனநல உதவியை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் பெறலாம். வழி இருக்கிறது, வழி இருப்பதைச் சொல்வோர் வேண்டும்.

மாணவ நண்பர்களே! அச்சொல்லைச் சொல்லத் தக்கவர்கள் நீங்களே. உங்கள் வீட்டில் ஒருவர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ செல்பவராக இருக்கக்கூடும். ஆலையில் விபத்தே நேராதபடி காப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்த மருத்துவம் என்பதை மறவாதீர்கள். உராய்வுக்கு இடந்தராத அறை, அளவுக்கு மிஞ்சாத ஆள், அளவுக்கு மிஞ்சாத மருந்து என்னும் விதிகள் உடலை மட்டுமன்றி மூளையையும் காக்கின்றன. விதியை மீறி விபத்து நேர்ந்துவிட்டால், காயமின்றித் தப்பியவரைப் பத்து நாள் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் போய்ப் பாருங்கள். "உறங்குகிறீர்களா?" என்று கேளுங்கள்.

உங்களுள் சிலர் மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் ஆவீர்கள். எலியின் மூளையில் முள் பெருகுவதைப் பெங்களூரில் கண்டனர். வெடிவிபத்தில் தப்பிய மனிதரின் உள்ளத்தில் நிகழ்வது என்ன, யாருக்கு எப்போது துணை வேண்டும் என்பதைச் சிவகாசியின் ஊர்களிலேயே இருந்து, அம்மக்களின் மொழியிலேயே கேட்டு ஆராய்வதற்கு இன்னும் இடம் நிரம்ப உண்டு. அப்பணியைச் செய்வோர், இறந்தோர் கணக்கிலும் காயமுற்றோர் கணக்கிலும் சேராமல் நிற்கும் அந்த மூன்றாவது வகையினருக்கு உரிய இடத்தை ஏட்டிலும் மருத்துவமனையிலும் பெற்றுத் தந்தவராவர்.